புழு சாகலை, சருகும் மக்கலை

கேள்வி, மார்ச் 4

பழமரங்களுக்கு ஏழெட்டு வருஷமாகச் செம்பு கலந்த நீல மருந்து அடிக்கிறேன். நடுவில் இரண்டு பருவம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் அடித்தேன். மண்வெட்டியால் கொத்திப் பார்த்தால் மண்புழு இருக்கிறது, நன்றாகவே நெளிகிறது. ஆனால் மரத்தடியில் சருகு மக்காமல் பாய் விரித்த மாதிரி படிந்து கிடக்கிறது. மேலே புழுவின் எச்சக் குவியலும் முன்பு மாதிரி இல்லை. புழு சாகாமல் அதன் வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் மட்டும் செத்துப்போயிருக்குமா?

மார்ச் 4, இரவு 10.20

செத்திருக்கும். சந்தேகமே வேண்டாம்.

ஒரு ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருஷம் புழு எண்ணுவதுதான் எனக்கு வேலை. அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்று சொன்னாலே உங்களுக்குப் பாதி விளங்கிவிடும். ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு வேதிப்பொருள் சோதனைக்காக 1984-இல் வகுத்த 207-ஆம் வழிமுறை. நிஜ மண் கிடையாது. 70 பங்கு குவார்ட்ஸ் மணல், 20 பங்கு கயோலின் களிமண், 10 பங்கு பீட் பாசி சேர்த்துப் பிசைந்த செயற்கை மண். அதில் மருந்தைக் கலந்து புழுவை விட வேண்டும். 7-ஆம் நாளும் 14-ஆம் நாளும் தட்டில் கொட்டி, தலைப்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். நெளிந்தால் உயிர், நெளியாவிட்டால் சாவு. ஏட்டில் ஏறுவது அதுவும் எடையும்தான்.

பிறகு 2004-இல் வந்தது 222-ஆம் வழிமுறை. இதில் பெரிய புழுக்களை 4 வாரத்தில் எடுத்துவிட்டு, அவை போட்ட முட்டைக்கூடுகள் பொரிய இன்னும் 4 வாரம் காத்திருப்போம். குஞ்சுகளை எண்ணுவதற்கு டப்பாவை 50, 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் இறக்குவோம். சூடு தாங்காமல் வெள்ளை நூல் துண்டுகள் மாதிரி மேலே ஏறி வரும். பொறுக்கி எண்ண வேண்டும். அந்தப் பாவம் என் கணக்கில் நிறைய இருக்கிறது.

இரண்டிலும் புழுவின் குடலுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. புழு செத்ததா, குஞ்சு பொரித்ததா, அவ்வளவுதான் கேள்வி. ஆகவே "மண்புழுவுக்குப் பாதிப்பில்லை" என்று ஒரு மருந்தின் தாளில் பார்த்தால், உயிரோடு இருக்கிறது, பிள்ளை பெற்றது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 5, காலை

தூங்கி எழுந்து படித்தால் நேற்று எழுதிய முதல் வரியே உதைக்கிறது. இரண்டு மருந்தையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டேன்.

கார்பென்டாசிம் பூஞ்சையின் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு செல் பிரியவிடாமல் தடுக்கும். பாக்டீரியாக்களிடம் பொதுவாக அந்தப் புரதம் இல்லை. புழுவிடம் இருக்கிறது. அதனால் அது நேராக அடிப்பது பூஞ்சையையும் புழுவையும்தான். மண்புழுவுக்கு அது எவ்வளவு ஆகாது என்றால், 222 சோதனையில் நம் கைவசமுள்ள புழுக்கள் நஞ்சுக்கு ஒழுங்காக எதிர்வினை காட்டுகின்றனவா என்று சரிபார்க்கப் போடுவதே கார்பென்டாசிம்தான். குடல் பாக்டீரியா மாறினால் அது சுற்றுவழியில்: சருகின் மேல் படரும் பூஞ்சை போய்விடுகிறது, அதை விரும்பித் தின்னும் புழு தீனியைக் குறைக்கிறது, குடலுக்குள் வந்து சேரும் சரக்கே வேறாகிவிடுகிறது.

செம்பு அப்படியில்லை. அதற்குப் பூஞ்சை, பாக்டீரியா என்ற பாகுபாடெல்லாம் கிடையாது.

மார்ச் 5, மதியம்

"புழுவின் வயிற்றில் அப்படி என்ன பெரிய நுண்ணுயிர் இருக்கிறது, மண்தானே இருக்கிறது" என்று இன்னொருவர். மண்தான். ஆனால் உள்ளே போனதும் அந்த மண்ணுக்கு நடப்பதைப் பாருங்கள்.

வாய், தொண்டை, உணவுக்குழல், அரைவைப்பை, பிறகு நீளமான குடல். அரைவைப்பையில் மணல் துகள்களே அம்மிக்கல். முன்குடலில் தண்ணீரும் கோழையும் நிறையச் சேரும். அந்தக் கோழையில் சர்க்கரையும் புரதமும் கரைந்திருக்கும். வெளியே மண்ணில் எவ்வளவு வறண்டு கிடந்தாலும், குடலுக்குள் ஈரம் நிச்சயம், அமிலமும் காரமும் ஏறக்குறைய நடுநிலை. முக்கியமானது, நடுக்குடலில் ஆக்சிஜன் இல்லை. மேல்தோல் வழியாக மூச்சு விடும் பிராணி, அதன் உள்ளே காற்றில்லாத அறை.

மண்ணிலுள்ள நுண்ணுயிர்களில் பெரும்பகுதி தீனியில்லாமல் முடங்கிக் கிடப்பவை. அந்தக் கோழை பட்டதும் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்குகின்றன. பாட்ரிக் லவெல் என்ற பிரெஞ்சு மண் உயிரியலாளர் இதற்கு ஐரோப்பியக் கதையில் வரும் உறங்கும் இளவரசியை உவமையாகச் சொன்னார். எனக்கென்னவோ கும்பகர்ணன்தான் பொருத்தம். இளவரசிக்கு ஒரு முத்தம் போதும், இவர்களுக்குச் சாப்பாடு வைத்தால்தான் எழுவார்கள்.

மாசு இந்த ஏற்பாட்டை எந்த இடத்திலும் கெடுக்கலாம். கோழை சுரக்கிற செல்லை அடிக்கலாம், எழுகிறவர்களில் சிலரை மட்டும் அடிக்கலாம், அல்லது புழு சாப்பிடுவதையே நிறுத்த வைக்கலாம். மூன்றுக்கும் வெளியே தெரிகிற அடையாளம் ஒன்றே: எச்சம் குறையும்.

மார்ச் 7

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். "குடல் நுண்ணுயிர்" என்று நாம் சொல்வதில் குடியிருப்பவர் யார், வழிப்போக்கர் யார்?

மாட்டுக்கோ கரையானுக்கோ இந்தச் சந்தேகம் அவ்வளவாக வராது. அங்கே நிரந்தரக் குடித்தனம். மண்புழுவுக்குள் மண் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நுழைந்து வெளியேறிவிடும். பேருந்து நிலையத்தில் நின்று ஆட்களை எண்ணிவிட்டு ஊர் மக்கள்தொகை என்று சொல்வது மாதிரி ஆகிவிடக் கூடாது.

இதற்கு ஒரு வழி உண்டு. நனைத்த வடிதாள் விரித்த தட்டில் புழுவை ஒரு நாள், இரண்டு நாள் பட்டினி போடுவது. உடம்பின் ஊடே தெரியும் கறுத்த மண் கோடு தலைப்பக்கமிருந்து வெளுத்துக்கொண்டே வால் வரை போகும். உள்ளே சுவரோடு ஒட்டியிருப்பவை மட்டும் மிஞ்சும் என்பது கணக்கு. நான் முதல் தடவை செய்தபோது மறுநாள் காலை தட்டில் எச்சம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு நிமிஷம் பயந்துபோனேன். பார்த்தால் வடிதாளின் ஓரம் அரித்திருக்கிறது. பசியில் தாளையே தின்றிருக்கிறது! போட்ட எச்சத்தையும் திரும்பத் தின்னும், அதனால் தாளை நாலைந்து தடவை மாற்ற வேண்டும். இதைச் செய்முறைத் தாளில் ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். செய்தவனுக்குத் தெரியும் எத்தனை தடவை எழுந்து போனான் என்று.

குடியிருப்பவர் உண்டு என்பதும் உண்மை. லும்பிரிசிட் என்ற மண்புழுக் குடும்பத்தின் குடலில் லும்பிரிசின்கோலா என்று பெயரிட்ட, செல்சுவர் இல்லாத மாலிகியூட்ஸ் வகுப்பு பாக்டீரியாக்களை 2009-இல் விவரித்தார்கள். அவை மண்ணிலிருந்து சும்மா ஏறி இறங்குகிறவை அல்ல.

மார்ச் 7, சற்றுப் பின்

இன்னொரு பாக்டீரியா, வெர்மினெஃப்ரோபாக்டர். இதைக் குடலில் இருப்பதாக நானே ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தேன். அது இருப்பது கழிவு நீக்கும் நெஃப்ரீடியா குழல்களில். தாய்ப்புழு அதை முட்டைக்கூட்டில் வைத்தே பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது.

குழப்பம் எங்கே வந்தது என்றால், நாங்கள் அவசரத்தில் முழுப் புழுவையும் அரைத்து டி.என்.ஏ. எடுத்தோம். குடல், நெஃப்ரீடியா, தோல் எல்லாம் ஒரே கூழ். வரைபடத்தில் வெர்மினெஃப்ரோபாக்டர் உயர்ந்து நின்றது. "குடலில் ஆதிக்கம் செலுத்தும் பாக்டீரியா" என்று அறிக்கையில் எழுதியே விட்டோம். மேலே இருந்தவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். யார் வயிற்றில் அடித்தோமோ தெரியாது.

மார்ச் 8

"அப்படியானால் முதல் நாள் சொன்ன 'சந்தேகமே வேண்டாம்' எங்கே போயிற்று?" என்று கேட்டவருக்கு: புழு தின்றுவிட்டது.

மார்ச் 11

மாசு எந்த வழியாக உள்ளே போகிறது என்று கேட்டார்கள். வாய் வழியாகத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். மண்ணைத் தின்று வாழ்கிற பிராணிக்கு வேறு என்ன வழி?

2003-இல் நெதர்லாந்தில் ஒரு குழு லும்பிரிகஸ் ருபெல்லஸ் என்ற வகை மண்புழுக்களின் வாயை மருத்துவப் பசையால் ஒட்டிவிட்டு மாசுபட்ட மண்ணில் விட்டது. வாய் திறந்த புழுவையும் ஒட்டிய புழுவையும் ஒப்பிட்டார்கள். காட்மியம், செம்பு, ஈயம் எல்லாம் வாய் மூடியிருந்தும் ஏறத்தாழ அதே வேகத்தில் உடம்பில் ஏறின. ஈரத் தோல் வழியாக, மண் நீரில் கரைந்து. துத்தநாகம் மட்டும் ஓரளவு தீனியோடு போனது.

முதலில் படித்தபோது வழுவழுவென்று நழுவுகிற புழுவின் வாய்க்குப் பசை போட்ட கையை நினைத்துத்தான் ஆச்சரியப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. உலோகம் புழுவுக்குள் போவது தோல் வழியாகத்தான் அதிகம் என்றால், குடலுக்குள் இருக்கிறவர்கள் சந்திக்கும் உலோகமும் புழுவின் சதைக்குள் சேர்ந்த உலோகமும் ஒரே கணக்கல்ல. புழு தன் பங்கைக் குடலைச் சுற்றியுள்ள குளோரகோஜன் செல்களில் கட்டிவைத்துவிடும். காட்மியத்தைப் பிடித்துவைக்க மெட்டலோதயோனின் என்ற புரதம் இருக்கிறது. புழு தப்பித்துக்கொள்கிறது. குடலுக்குள் தின்ற மண்ணோடு போனவர்களுக்கு அந்தக் காப்பு கிடையாது.

உங்கள் கேள்விக்கு ஆதரவாக நான் கண்ட நல்ல வாதம் இதுதான். மார்ச் 4 அன்று இதைச் சொல்லியிருக்க வேண்டும், அன்று எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 12

பிளாஸ்டிக் தின்னும் புழு பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக. மண்புழு தானே பாலிஎத்திலீனைச் செரித்ததாக நான் படித்ததில்லை. லும்பிரிகஸ் டெரெஸ்டிரிஸ் என்ற மண்புழுவின் குடலிலிருந்து பிரித்த பாக்டீரியாக்களைக் கிருமி நீக்கிய மண்ணில் பாலிஎத்திலீன் துகளோடு விட்டபோது 4 வாரத்தில் துகள் சிறுத்தது, அது 2018. அதே புழுவுக்கு 2016-இல் சருகில் 28 விழுக்காடும் அதற்கு மேலும் பிளாஸ்டிக் கலந்து கொடுத்தபோது 60 நாளில் வளர்ச்சி குன்றியது, சாவும் கூடியது. "பிளாஸ்டிக் தின்னும் அதிசயப் புழு" என்று தலைப்புப் போடுகிறவர்கள் இரண்டாவதைப் படித்திருக்க மாட்டார்கள்.

மார்ச் 15

செம்புக்கு வருகிறேன், இதுதானே உங்கள் தோட்டம்.

போர்தோ கலவை என்ற நீல மருந்து 1885-இல் பிரான்ஸில் திராட்சைக்காக வந்தது. அடித்த செம்பு எங்கும் போகாது. அது தனிமம், அழுகாது, ஆவியாகாது. மண்ணின் மக்கோடும் களிமண்ணோடும் ஒட்டிக்கொண்டு மேல் சில அங்குலத்திலேயே தங்கிவிடும். வருஷா வருஷம் அதன் மேலேயே அடுத்தது. பழைய பழத்தோட்டங்களில், செம்பு உருக்காலைகளைச் சுற்றியும், மண்புழு குறைந்து சருகு பாய் மாதிரி சேர்வதைப் பல காலமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எழுதிய அதே "பாய்".

குடல் பாக்டீரியாவுக்குச் செம்பு என்ன செய்யும்? தாங்காதவை குறையும், தாங்குபவை பெருகும். தாங்கும் திறனுக்கான மரபணு பல சமயம் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவோடு ஒரே பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்கிற டி.என்.ஏ. துண்டில், உட்கார்ந்திருக்கும். செம்புக்காகத் தேர்வானவன் கூடவே அந்தச் சாமானையும் தூக்கி வருவான். ஆர்சனிக்கிலும் இதே கதை: ஆர்சனிக்கும் சல்ஃபாமெத்தாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் கொடுத்தபோது மண்புழுக் குடலில் எதிர்ப்பு மரபணுக்கள் கூடியதாக 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. கால்நடைக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளினில் பெரும்பகுதி சாணத்தோடு வந்துவிடும், எரு என்று நாம் போடுவதே அதுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேர்மையாக மறுபக்கமும் சொல்ல வேண்டும். சுற்றியுள்ள மண்ணைவிடப் புழுவின் குடலில் எதிர்ப்பு மரபணுக்கள் குறைவாக இருந்ததாகவும் ஆய்வுகள் உண்டு. என் கணிப்பு, சுத்தமான மண்ணில் குடல் வடிகட்டி மாதிரி நடக்கிறது; மாசு ஏறிய மண்ணில் அதே குடல், நெருக்கியடித்து உட்கார்ந்து சாமான் மாற்றிக்கொள்கிற சந்தையாகிவிடுகிறது. இது என் கணிப்புதான், எங்கும் மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.

மார்ச் 16

செம்பு என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது, தலைப்பை விட்டு விலகுகிறேன்.

ஆக்சிஜன் இல்லாத குடலுக்குள் மண்ணின் நைட்ரேட் போனதும், விழித்துக்கொண்ட பாக்டீரியாக்கள் மூச்சுக்கு நைட்ரேட்டையே பயன்படுத்தும். படிப்படியாக அது நைட்ரஸ் ஆக்சைடாகி, கடைசியில் வெறும் நைட்ரஜனாக வேண்டும். கடைசிப் படி முடியாமல் நைட்ரஸ் ஆக்சைடாகவே புழுவிலிருந்து வெளியேறுவதை 1990களிலேயே ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழகத்தில் அளந்தார்கள். நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல் 270 மடங்கு அளவுக்குச் சூடேற்றும் வாயு அது.

அந்தக் கடைசிப் படியைச் செய்கிற நொதிக்குச் செம்பு கட்டாயம் வேண்டும். செம்பு இல்லாவிட்டால் அந்த நொதி வேலை செய்யாது. கூடினால் அதைச் செய்கிற பாக்டீரியாவே திணறும். மாசு என்று எதைச் சொல்கிறோம், சத்து என்று எதைச் சொல்கிறோம் என்று அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, திரும்பி வருகிறேன்.

மார்ச் 17

கேட்டவருக்கு ஒரு வேலை. ஒரு டப்பாவை நடுவில் அட்டை வைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் மரத்தடி மண், மறுபக்கம் மருந்து படாத மண். அட்டையை எடுத்துவிட்டு, நடுக்கோட்டில் 10 புழு விடுங்கள். 48 மணி நேரம் கழித்து அட்டையைத் திரும்பச் சொருகி எண்ணுங்கள். மாசு மண்ணில் 2 புழுவுக்கும் குறைவாக இருந்தால் அந்த மண் புழு வாழ ஏற்றதல்ல என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

மார்ச் 20

மருந்து படாத மண்ணில் 8, மரத்தடி மண்ணில் 2 என்று எழுதியிருக்கிறார். எல்லோரும் துள்ளுகிறீர்கள். பொறுங்கள், தப்பு என் மேல். இரண்டு பக்கமும் ஒரே மண்ணைப் போட்டு முதலில் ஒரு தடவை செய்யச் சொல்லவில்லை. புழுக்கள் சில சமயம் காரணமே இல்லாமல் ஒரு மூலையில் கும்மியடித்துக் கிடக்கும். ஒரு பக்கம் ஈரம் கொஞ்சம் கூடினாலே போதும், வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தாலும் போதும். ஈரத்தைச் சமமாக்கி, டப்பாவை மூடி வைத்து, மூன்று டப்பாவில் செய்யுங்கள்.

மார்ச் 24

ஒரே மண் போட்ட டப்பாவில் 6-க்கு 4. மற்ற மூன்றிலும் 9-க்கு 1, 8-க்கு 2, 9-க்கு 1. இப்போது நம்பலாம்.

கூடவே அவர் ஒரு வரி எழுதியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை: "டப்பாவில் விட்டது எருக்குழியில் பிடித்த சிவப்புப் புழு. மரத்தடியில் கொத்தினால் கிடைப்பது வேறு, வெளிறிப்போன புழு."

இதைத்தான் முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்!

மார்செல் பூஷே என்ற பிரெஞ்சு மண்புழு ஆய்வாளர் 1970களில் மண்புழுக்களை மூன்றாகப் பிரித்தார். சருகிலேயே வாழ்பவை, ஆழமாக வளை தோண்டி, இரவில் மேலே வந்து இலையை உள்ளே இழுப்பவை, மேலே வராமல் மண்ணுக்குள் மண்ணையே தின்று திரிபவை. முதல் இரண்டும் பெரும்பாலும் சிவப்பு, பழுப்பு நிறம். மூன்றாவதுக்கு நிறமி இல்லை, வெளிறி இருக்கும்.

உங்கள் மரத்தடியில் மிஞ்சியிருப்பது மூன்றாவது கூட்டம். செம்பு மேல்மண்ணில் படிந்தது, மேலே வாழ்ந்தவை போயின. கீழே இருந்தவை தப்பின. அவை எப்போதுமே சருகு தின்றதில்லை. அவற்றின் குடலில் ஒரு பாக்டீரியாகூடச் சாகாமல் இருந்தாலும் அந்தப் பாய் அப்படியேதான் கிடக்கும். இருபது நாளாக நான் குடலுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். சாப்பிடுகிற ஆளே வீட்டில் இல்லை.

ஒன்று பாருங்கள்: பாயை விலக்கினால் தரையில் துளைகளும், அவற்றில் கூர்முனை உள்ளே போகச் செங்குத்தாகச் செருகிய இலைகளும் தென்படுகின்றனவா? இழுக்கச் சுலபமான முனையைப் புழு தேர்ந்தெடுக்கிறது என்று டார்வினே 1881-இல் உட்கார்ந்து எண்ணிக் காட்டினார்.

மார்ச் 25

ஒரு துளைகூட இல்லையாம்.

"எருக்குழிச் சிவப்புப் புழுவை அங்கே கொண்டுபோய் விடலாமா?" வேண்டாம். டப்பாவிலேயே பதில் சொல்லிவிட்டனவே. செம்பை வெளியே எடுக்க வழியில்லை, அதன் கடுமையைக் குறைக்கலாம். மண் அமிலமாக இருந்தால் சுண்ணாம்பு போட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்தால் கரைந்திருக்கும் செம்பு குறையும். மக்கு சேர்ந்தாலும் கட்டுப்படும். அந்தப் பாயை வாரி வெளியே கொட்டாமல் ஓரமாகக் குவித்து வையுங்கள், ஆனால் அதையும் எருக்குழியில் சேர்க்காதீர்கள். இலை மேல் அடித்த செம்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

மார்ச் 25, இரவு

வெளிறிய புழு நாலைத் தனியாக எடுத்து வடிதாளில் விட்டுப் பார்க்கலாம் என்று அவர் கேட்கிறார். விடுங்கள். கோடு எத்தனை மணி நேரத்தில் வெளுக்கிறது என்று குறித்து எழுதுங்கள். தாளை மட்டும் ராத்திரியில் ஒரு தடவையாவது எழுந்து மாற்றுங்கள்.